கறுப்பு உடையில் ஒரு வால்ட்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு அம்மா போன் செய்தாள். அசெலி பெரியம்மா இறந்துவிட்டாள். எழுபத்து மூன்று வயது. நாளை மறுநாள் அடக்கம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லூசியானாவில், நெல்வயல்களுக்கு நடுவே, சாலை திரும்பும் இடத்தில் அவளுடைய நடனக்கூடம் இருந்தது. தகரக் கூரை, ஒரே வாசல், உள்ளே இடப்பக்கம் பார். கட்டியவர் அவள் கணவர் கிளெபேர். ஐம்பத்து நான்காம் ஆண்டு அவர் டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. விதவை ஒரு வருடமும் ஒரு நாளும் கறுப்பு உடுத்த வேண்டும், ஆடக் கூடாது. வயிற்றுப்பாட்டுக்காக பியர் விற்பதை மட்டும் ஊர் பொறுத்துக்கொண்டது. பாட்டு நடக்கையில் கால் தாளம் போட்டுவிடுமோ என்று அவள் ஒரு காலை மறு காலால் மிதித்துக்கொண்டு நிற்பாளாம்.

எட்டாவது மாதம், ஒரு ஞாயிறு மதியம். அவள் தங்கை வெர்னா, அதாவது என் அம்மா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வயது பத்தொன்பது. ஓவி சோனியே என்பவன் வந்து ஆடக் கூப்பிட்டான்.

"கால் வலிக்குது ஓவி."

ஒருவனை மறுத்த பெண் அந்தப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்து இன்னொருவனோடு ஆடினால் அது முதலில் கேட்டவனுக்கு அவமானம். அம்மாவும் எழவில்லை. ஆனால் அக்கார்டியன் வாசித்த கிழவர் ஆல்சிடுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சுவிடாமல் தாவிவிடுவார். மெட்டு மாறியதும் புதுப் பாட்டு என்று அம்மா நினைத்தாள். டுரெல் என்ற இளைஞன் கை நீட்டினான், எழுந்துவிட்டாள். அக்கார்டியன் ஓயும்வரை எல்லாம் ஒரே பாட்டுத்தான் என்பது அவளுக்கு நடுத்தளத்தில்தான் உறைத்தது.

ஓவி அவர்கள் பக்கத்தில் வந்தான்.

"ஆடு டுரெல், நல்லா ஆடு. பாட்டு நின்னதும் வெளிய வா. நீ வராட்டி நான் உள்ள வருவேன்."

வாசலில் போய் நின்றுகொண்டான். பன்றி அறுக்கும் கத்தி அவன் இடுப்பில் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில் அவன் வெட்டிய ஒருவனுக்கு அதன்பிறகு கை மடங்கவே இல்லை.

"சமையக்கட்டு ஜன்னல் வழியா போயிடு," என்றாள் அம்மா.

"போனா நாளைக்கு இந்த ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?"

பெரியம்மா பாரிலிருந்து நேராக ஆல்சிடிடம் போனாள்.

"நிறுத்தாதீங்க."

"ஏற்கெனவே ரெண்டு பாட்டு ஆச்சும்மா. விரலு விட்டுப்போகுது."

"விரலு போனா எண்ணெ தேச்சு விடுறேன். வாசிங்க."

அவர் வாசித்தார். கால் மணி நேரம் ஆனது. ஆடியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிச் சுவரோரம் நின்றார்கள். டுரெலும் அம்மாவும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆல்சிட் இரண்டு முறை சுருதி தப்பினார். அவர் தடுமாறும்போதெல்லாம் ஓவி கையை இடுப்புக்குக் கொண்டுபோனான்.

பெரியம்மா வாசலுக்கு நடந்தாள்.

"ஓவி, வா ஆடலாம்."

எங்கள் பக்கம் பெண் கூப்பிடுவதில்லை. கறுப்பு உடுத்தியவள் கூப்பிட்டதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா? நீ துக்கத்துல இருக்க."

"எனக்கே ஞாபகப்படுத்துறியா? வர்றியா, இல்ல இத்தன பேர் முன்னாடி விதவைய மறுத்துட்டு நிக்கப்போறியா?"

அவன் சுவரோரம் நின்ற முகங்களைப் பார்த்தான். உள்ளே கால் வைத்தான்.

"கத்தியோட என் தளத்துல யாரும் ஆடினதில்ல," என்றாள். அதை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆடினார்கள். அவள் கை சில்லிட்டிருந்ததாக ஓவியே பிற்பாடு சொல்லியிருக்கிறான். ஆல்சிடின் விரல்கள் ஓய்ந்தன. ஓவி டுரெலைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு, கத்தியைக் கேட்காமல், தன் டிரக்கை நோக்கி நடந்தான்.

அப்போதுதான் பெஞ்சின் கோடியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். பெரியம்மாவின் மாமியார்.

"என் பையனப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. இனி அவன் கல்லறைய நீ தொடாத."

"அத்தே, அங்க ஒரு உயிரு..."

"தொடாத."

டுரெல் மறு வருடம் என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவர்தான் என் அப்பா. கூடத்தை எழுபத்தொன்றில் மூடினார்கள். புயல் ஒன்று கூரையைக் கொண்டுபோனது. பெரியம்மா மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிறகு ஒருநாளும் ஆடவுமில்லை.

எங்கள் பக்கம் நவம்பர் முதல் தேதி இறந்தவர்களுக்கான நாள். அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடும். இருபத்தைந்து வருடம் பெரியம்மா இடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று மாமியார் அடிப்பதைப் பார்த்தாள். கிழவி போன பிறகுதான் அந்த வேலை அவளுக்கு வந்தது. யாரையும் உதவிக்குச் சேர்க்கமாட்டாள்.

இன்று மாலை நானும் அம்மாவும் அங்கே போனோம். கிளெபேரின் கல்லறையில் இந்த வருடத்துக்குப் பெரியம்மா மூன்று பக்கம் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். வடக்குப் பக்கத்தில் பாசியைச் சுரண்டியதோடு நிற்கிறது.