அக்கா கேட்ட ஜன்னல்

பதுளை நகைக்கடையில், கல்யாணத்துக்கு நிற்கும் என் மகளுக்காக ஒரு நெக்லஸைக் காட்டினார்கள். அதைச் சுற்றியிருந்த ரோஸ் தாள் சரசரத்தது. நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கே நினைவில் போய்விட்டேன்.

அன்று அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை எங்கள் அத்தை மகன்தான். அத்தை இதே மாதிரித் தாளைப் பிரித்துக் கனமான நெக்லஸை நீட்டினார். நாங்கள் வாயைப் பிளந்தோம். அக்கா தொடவில்லை.

"இது வேணாம் அத்தை. ஒங்க காம்பராவுல அடுப்புப் புகை போக வழியே இல்ல. ஒரு ஜன்னல் வச்சுக் குடுங்க, போதும்."

அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"பொண்ணு பேசுற பேச்சா இது?" அத்தை எழுந்துவிட்டார்.

"ஜன்னல் இல்லாட்டி நான் வரல," என்றாள் அக்கா.

மாப்பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்து, "உக்காரும்மா. நீ இருமுறதும் அந்தப் புகையாலதான். செவுத்த நானே ஒடைக்கிறேன்," என்றார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றாலும், ஆபீசில் யாரையும் கேட்காமலே உடைத்து ஜன்னல் வைத்தார்.

அக்காவின் பிள்ளைகள் கண் எரியாமல் அந்த அடுப்படியில் சோறு தின்று வளர்ந்தார்கள். கழுத்தில் வெறும் தாலிக்கயிறுதானே என்று சொந்தக்காரர்கள் இன்றும் அவளைக் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

கடைக்காரரிடம் சொன்னேன்: "உள்ள வைங்க. மகளுக்கு என்ன தேவைன்னு அவகிட்டயே கேக்கப் போறேன்."