பார்வதி அக்கா பாஸான நாள்

சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸ் அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் லோரியிலிருந்து மல்லிகைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பகலில் பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும் இந்தத் தெரு, அந்த நேரத்தில் மட்டும் பேச்சில்லாமல் இருக்கும். கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து கிள்ளானுக்குக் கொம்முட்டர் ரயில். கிள்ளானிலிருந்து காப்பாருக்குக் காடி, எங்கள் பேச்சில் வாடகைக் கார். போகிற காரியம் ஒன்றுதான். காப்பாரில் இருக்கும் பார்வதி அக்காவைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்து வந்து, ஓர் ஆய்வில் சேர்த்துவிட வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், ஆய்வில் நான் வேலை செய்கிறேன். குடியிருப்புகளுக்குப் போய் ஆய்வைப் பற்றி எடுத்துச் சொல்லி, ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. பந்திங் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டியவரின் மகள் வெள்ளை மேலங்கி போட்ட டாக்டர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றால், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆய்வில் சேருகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு மருந்து, மாதம் ஒருமுறை பரிசோதனை, கண்ணுக்கும் காலுக்கும் தனித்தனி நிபுணர்கள். வீட்டு வாசலுக்கே வேன் வரும். இதை நான் காப்பாரில் சொன்னபோது ஏழு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஓவர்டைம் வந்தது. ஒருவர் வீட்டில் கல்யாணம். ஒருவருடைய கணவர், "ஆராய்ச்சின்னா எலி மாதிரி வச்சிருப்பாங்க" என்று தடுத்துவிட்டார். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. மிஞ்சியவர் பார்வதி அக்கா மட்டும். அன்றுதான் சேர்க்கைக்குக் கடைசி நாள்.

ரயிலில் பெண்கள் பெட்டி ஏறக்குறைய காலியாக இருந்தது. சுபாங் ஜெயா தாண்டும்போது வெளுக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான பயணம். கிள்ளான் நிலையத்தில் இறங்கியபோது லிட்டில் இந்தியாவில் கடைகள் திறந்திருக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் மட்டும் புரோட்டா தட்டும் சத்தம். போனில் காடி பிடித்தேன். காப்பாருக்குப் பதினைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரிங்கிட்.

ஓட்டுநர் தமிழர்தான். ஐம்பது வயதிருக்கும்.

"இவ்ளோ காலையில காப்பார்ல என்னம்மா, கோயிலா கல்யாணமா?"

"ஒரு அக்காவ ரத்தம் டெஸ்ட் பண்ண கூட்டிட்டுப் போறேன், அண்ணே. இனிப்புநீர். நீங்க செக் பண்ணியிருக்கீங்களா?"

"பாக்காத வரைக்கும் ஒன்னும் இல்ல லா. பாத்தாதான் வியாதி." அவரே சிரித்துக்கொண்டார். "எங்க ஊட்டுல நாலு பேருக்கு இருக்கு. நான் அஞ்சாவது. ஆனா இன்னும் அதிகாரபூர்வமா அறிவிக்கல."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. சாலையின் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லோரிகளும் செம்பனையும் மாறி மாறி வந்தன. தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. திரும்பிப் போகவும் அவரையே காத்திருக்கச் சொன்னேன்.

பார்வதி அக்காவின் வீடு, தோட்டம் விற்றுப்போன பிறகு தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த மலிவுவிலை வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய கணவர் ராஜு அண்ணன் உட்கார்ந்திருந்தார். முன்பு செம்பனை லோரி ஓட்டியவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, இனிப்புநீரில் போனது. இப்போது வீட்டில் சம்பாதிப்பது அக்கா மட்டும். தொழிற்சாலைக் கேன்டீனில் நாள் முழுக்க நின்று வேலை. அவருக்கும் வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறாமல் இருக்கிறது. முதல்முறை நான் போனபோது அதைக் காட்டினார். பிறகு யாருக்கும் தெரியாமல் கான்வாஸ் ஷூவுக்குள் மறைத்துக்கொண்டார். கால் நிபுணரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் கணக்கு. இந்த வீட்டில் இன்னொரு கால் போனால், நிற்பதற்கு ஆளில்லை.

அக்கா பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். கீழே அதே கான்வாஸ் ஷூ. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்று வழியனுப்பினார்கள்.

"பாஸாயிட்டு வா பார்வதி!" என்றாள் ஒருத்தி.

"பெயிலானா வாசக் கேட்ட தெறக்க மாட்டோம்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ராஜு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

கிள்ளானில் மறுபடி ரயில். ஷா ஆலம் வந்தபோது அக்காவின் கை நடுங்குவதைக் கவனித்தேன். ஏர்கோன் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினேன்.

"வாயில போடுங்கக்கா. சீனி எறங்குது."

"வேணாம், வேணாம். இப்ப சாப்ட்டா எல்லாம் வீணாப் போயிரும்."

"எது வீணாப் போகும்?"

அக்கா பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு வாரமாகச் சோறே தொடவில்லை. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி மறுபடி பாகற்காய். சீனியை இறக்குகிற மாத்திரையை இரண்டு நாளாக இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். கிளினிக்குக்குத் தேதி இருந்தா ஒரு வாரம் பத்தியம். இல்லாட்டி மிஸ்ஸி ஏசும்லா. போன தடவை பதினாலு காட்டிச்சு. அத்தன பேரு முன்னால, 'ஆன்டி, உங்களுக்குக் காலு வேணுமா வேணாமா'ன்னு கேட்டுருச்சு. மானம் போச்சு. இன்னிக்கு நீ கூட்டிட்டுப் போற எடம். ஒன் மானத்தையும் பாக்கணும் இல்ல?"

மிஸ்ஸி என்று எங்கள் ஊரில் நர்சுகளை, தாதியரைச் சொல்வார்கள். அவர்களுக்கும் தினம் நூறு பேரைப் பார்க்கிற களைப்பு. ஆனால் அந்த ஏச்சுக்குப் பயந்து கிளினிக் நாளுக்கு மட்டும் பத்தியம் இருந்து, மறுநாளே பழையபடி சாப்பிடுவது எங்கள் ஜனங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பரிசோதனை அவர்களுக்குப் பரீட்சை. எண் குறைந்தால் தேர்ச்சி.

எங்கள் ஆய்விலோ இது தலைகீழ். வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்க்கும்போது எங்கள் நாட்டுக் கணக்கில் ஏழுக்கு மேல் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்காக நடக்கிற ஆய்வு அது. இதை அக்காவிடம் விளக்கினேன்.

"நல்லா இருக்குறவங்களுக்கு ஒன்னும் கெடையாதா?" என்று கேட்டுச் சிரித்தார். "சும்மா சொல்லாதம்மா. எந்த டாக்டரு சீனி கூடுனா சந்தோஷப்படுவாரு?"

மிட்டாய் கடைசி வரைக்கும் என் உள்ளங்கையிலேயே இருந்தது. தண்ணீர் மட்டும் குடித்தார். நடுக்கம் கொஞ்சம் தணிந்தது. பெத்தாலிங், பந்தாய் டாலாம் என்று நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெண்ணின் உடம்பில் சீனி கூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்து மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். பலூன் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பரிசோதனை மேசைகள். இன்னொரு பக்கம் நல்வாழ்வுச் சாவடிகள், யோகா, சத்துணவு, மனநலம். முதல் மேசையில் இருந்த தாதி அக்காவின் விரலைக் குத்தினாள். சின்னத் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலு புள்ளி ஒன்பது. வெரி குட் ஆன்டி!"

அக்கா இரண்டு கைகளையும் கூப்பினார்.

நான் ஆய்வை நடத்தும் டாக்டரைத் தேடிப் போனேன். அவரும் தமிழர்தான், நல்லவர். பத்தியத்தையும் இரட்டை மாத்திரையையும் சொன்னேன். புண்ணையும் சொன்னேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எடுத்தால் உண்மை தெரிந்துவிடும், அதை ஒரு வார பாகற்காய் ஏமாற்ற முடியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. ஆனா அந்த டெஸ்ட் சேந்தவங்களுக்குத்தான். வாசல்ல இருக்குற ரூல ஒருத்தருக்காக மாத்துனா, முழு ஆய்வும் செல்லாது." என்றார். "புண்ண அப்படியே விடாதீங்க. நேரா கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எனக்கு ஆத்திரப்படவும் ஆளில்லை.

வெளியே வந்தபோது அக்காவின் தோளில் ஒரு துணிப்பை. நல்வாழ்வுப் பொருள்கள் என்று கொடுத்திருக்கிறார்கள். பழுப்பரிசி ஒரு சிறு பொட்டலம், உடற்பயிற்சி ரப்பர் பட்டை, மலாயிலும் ஆங்கிலத்திலும் கையேடுகள். தமிழ்க் கையேடு முடிந்துவிட்டதாம். அதோடு காலடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்று. அதன் அட்டையில், தினமும் பத்தாயிரம் காலடி நடக்கச் சொல்லியிருந்தது. ஷூவுக்குள் புண்ணோடு நின்ற பெண் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அழகாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

பசியாறப் போனோம். தோசை இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு. அக்கா நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் கேட்டார்.

"சீனி கொறைச்சா?" என்றார் கடைக்காரர்.

"கொறைக்காத பாஸ். இன்னிக்கு நான் பாஸ்!"

சாப்பிடும்போதே சொல்லிப் பார்த்தேன். இந்த எண் இன்றைக்கு மட்டும்தான், புண் பொய் சொல்லாது, இப்படியே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம் என்றேன். அக்கா என் கன்னத்தைத் தட்டினார்.

"கே.எல். டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. சீனி நல்லாருந்தா புண்ணும் ஆறிப் போயிரும். திங்கக்கெழம ஷிப்ட் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கப் போட்டுருவாங்க. அப்புறம் அவருக்கு யாரு சோறாக்கறது?"

புறப்படும் முன் இனிப்புக் கடையில் நின்று லட்டு வாங்கினார். வரிசை வீட்டில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமாம்; பாஸானால் மிட்டாய் கொடுப்பதுதானே முறை. எனக்கும் ஒன்றைக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கிள்ளானில் இறங்கி, ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் கையைக் காட்டிக் கடைசியாக ஒருமுறை கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுக் காடியில் ஏறிக்கொண்டார். ஒருவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருத்துவம் பார்க்க முடியாது.

காப்பாரில் லட்டுப் பெட்டி கைமாறியது. "என்ன சாப்ட்ட? எத்தன நாளு?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா பாகற்காய்க் கணக்கைச் சொல்லச் சொல்ல, கவனமாகக் கேட்டார்கள். நான் குறுக்கே புகுந்து, அது தப்பு, மாத்திரையை இரட்டிப்பது உயிருக்கே ஆபத்து என்று சொன்னேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"நீ படிச்ச பொண்ணு, அப்படித்தான் சொல்லுவ" என்றாள் ஒருத்தி. "ஆனா நீயே கண்ணால பாத்தியா இல்லையா, நாலு புள்ளி ஒன்பது?"

பார்த்தேன். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ராஜு அண்ணன் லட்டைத் தொடவில்லை. நான் விடைபெறப் போனபோது நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

"சேக்கலையா?"

"இல்லண்ணே."

"காலு எடுக்கறதுக்கு முந்துன மாசம்கூட நான் பாஸ்தான், பாப்பா." வேலியோரம் மனைவி சிரித்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். "நான் சொன்னாக் கேக்க மாட்டா. நீ சொன்னாக் கேப்பான்னு நெனச்சேன்."

வரும் வாரம் மறுபடி வருகிறேன் என்றேன். வருவேன். ஆனால் அதற்குள் எத்தனை வீட்டில் பாகற்காய் பிழிவார்கள் என்பதை நினைத்துக்கொண்டே காடியில் ஏறினேன்.

ரயில் கிள்ளானை விட்டுப் புறப்பட்டுப் பாடாங் ஜாவாவை நெருங்கும்போது பந்திங்கிலிருந்து அம்மா கூப்பிட்டார். வழக்கமாகச் சனிக்கிழமை மாலையில் பேசுவோம்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"எனக்குப் புதன்கெழம கிளினிக்கு. இன்னியிலருந்து சோத்த நிறுத்திட்டேன்."

பெட்டியில் கூட்டம். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஏன்மா என்று கேட்டேன்.

"என்ன ஏன்? அங்க எல்லாருக்கும் நீ இந்த வேல பாக்குறது தெரியும். படிச்ச பொண்ணோட அம்மா, சீனியக் கூட்டிக்கிட்டுப் போயி நின்னா ஒனக்குத்தான் அசிங்கம்."