போர்டக்காவின் முன்னறிவிப்பு

"கொஞ்சம் சூடா இருக்காரு. எடுத்ததும் மன்னிப்பு கேட்டுடுங்க, காரணத்தை அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சரக்குப் பிரிவு எழுத்தரிடம் சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரின் லைனை அவரிடம் கொடுத்தார் போர்டக்கா. அடுத்து வந்தது தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு பெண் குரல். அவசரப்படுத்தாமல் கேட்கும்படி ஒரு குறிப்போடு அதுவும் மூன்றாம் மாடிக்குப் போயிற்று.

நான்கு மாடி, நூற்று எண்பது எக்ஸ்டென்ஷன், ஒரே ஒரு ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலையில் இடிக்கும் அறை. அங்கே பத்தொன்பது வருஷமாக டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால், அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அழைப்பவரின் மனநிலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தில் எந்த விதியும் கிடையாது. "வாசல்ல நாய் இருக்குன்னு சொல்லாம ஒருத்தரை வீட்டுக்குள்ள விடுவோமா?" என்பது அவர் கட்சி. இந்த உவமை வாடிக்கையாளர்கள் காதுக்கு எட்டாதவரை நிர்வாகத்துக்கும் கவலையில்லை.

அவர் முகத்தைப் பார்க்காதவர்கள் அந்தக் கட்டிடத்தில் ஏராளம். ஒருநாள் கேன்டீனில் நின்று "ஒரு டீ" என்றார். குரலைக் கேட்டு நாலு மேஜைகள் திரும்பிப் பார்த்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

லைனைக் கொடுத்த பிறகு ஒட்டுக்கேட்பதில்லை. ஒரு விசையைத் தட்டினால் போதும், எல்லாம் கேட்கும். தட்டமாட்டார். கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதாம். ஆனால் யார் பேசினாலும் போர்டில் ஒரு பச்சைப் பொட்டு விளக்கு எரியுமே, அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வேலைக்கு மனுப்போட்டவர்களை, ஆள் எடுக்கும் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டால், "இல்லை" என்பது அரை நிமிஷத்தில் அணைந்துவிடும். "உண்டு" என்றால் சான்றிதழ், சேரும் தேதி என்று நாலு நிமிஷமாவது எரியும்.

அவருடைய மகளும் மனுப்போட்டிருந்தாள், வரைபடப் பிரிவுக்கு. படித்து முடித்து இரண்டு வருஷம். ஏறி இறங்காத படியில்லை. ஆபரேட்டர் மகள் என்று மூச்சுவிடக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. நேர்காணல் முடிந்து எட்டு நாளாகியும் தகவல் இல்லை. அக்காவுக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் ஒரு நம்பரைப் போடச் சொன்னார். மூன்றாவது எண்ணிலேயே அக்காவின் கை நின்றது. மிச்சத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகள்தான் எடுத்தாள். பர்சனல் மேனேஜர் பேச விரும்புவதாக, எல்லோரிடமும் பேசும் அதே அலுவலகக் குரலில் அறிவித்தார் அக்கா. மறுமுனை "அம்மா" என்றது.

"லைன்ல இருங்க மேடம்" என்று அதட்டிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "பொண்ணு கொஞ்சம் பயந்திருக்கு சார். மெதுவா பேசுங்க." எல்லோருக்கும் சொல்கிற குறிப்புதான்.

விளக்கு எரிந்தது. அரை நிமிஷம் கடந்தது. ஒரு நிமிஷம் ஆனபோது அக்காவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. மூன்று நிமிஷம் ஆகும்போது முதலாளி அழைத்தார். பர்சனல் மேனேஜர் வேண்டும், உடனே.

முதலாளி கேட்டால் யார் பேச்சானாலும் வெட்டிக் கொடுக்க வேண்டும். அது எழுதிவைத்த விதி. ஆனால் அந்த மேனேஜர் பாதியில் விட்ட பேச்சை மறுபடி எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அப்படி வெட்டுப்பட்ட ஒரு ஓட்டுநர், வேலை கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

லைன் பிஸி என்றார் அக்கா. கட் பண்ணிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி.

"முடியாது சார். முக்கியமான பேச்சு. முடிஞ்சதும் நானே தரேன்."

ஒட்டுக்கேட்காமல் முக்கியமான பேச்சு என்று எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாகக் காத்திருந்தார்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இடது கையைக் குவித்து, அந்தப் பச்சை விளக்கைக் காற்றுப் படாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டார்.