கோட்டுக்கு மேலே உள்ளது

என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் மெஷின், குழாயில் காற்று புகுந்தும் மணியடிக்கவில்லை. நர்ஸ் தற்செயலாகப் பார்த்து நிறுத்தினார். மறுநாள் அந்த மெஷினைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர் கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் கட்டைப் பென்சில். எதை விளக்கினாலும் முதலில் காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார்.

"சாரே, எங்க மெஷின் ரெண்டு மாடல், வேற வேற சிப். ரெண்டிலயும் ஓடறது நாங்களே உண்டாக்கின ஒரே கம்ப்யூட்டர் பாஷை. கோட்டுக்கு மேல ரெண்டுக்கும் பொதுவானது, கீழ அந்தந்த சிப்புக்குள்ளது. பொதுவானதை ஒரே இடத்தில வெச்சிருக்கணும். அவசரத்தில நான் காப்பி எடுத்து ரெண்டா வெச்சேன். போன மாசம் மணியடிக்காத இந்தத் தப்பை ஒண்ணுல திருத்தினேன், மத்ததை மறந்துட்டேன்."

"அந்த மத்ததுதான் என் பொண்ணுக்கு வந்ததா?"

"ஆமா சாரே. நேத்து ராத்திரியே ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்."

இரண்டு மாடல்களையும் மேசையில் வைத்து, குழாய்களில் காற்றை விட்டார். இரண்டும் சேர்ந்து அலறின.

"அப்பா, நிறுத்தச் சொல்லுப்பா, தலை வலிக்குது" என்றாள் மகள்.

"இன்னும் ஒரு தடவை" என்றேன் அவரிடம்.

மகள் தேறிவிட்டாள். வெறும் மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.