என் கை எழுதிய மன்னிப்புக் கடிதம்

குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு வக்கீலைப் பற்றிய நாவல் தொடர் அது. ஆறு பாகம். கிருஷ்ணகிரி நூலகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் படிப்பேன். படித்ததைப் பக்கத்து சீட்டில் இருப்பவளுக்குச் சொல்வேன். என்னோடு பேக்கிங் லைனில் நிற்பவள், வயதில் சின்னவள். புத்தகத்தைக் கொடுத்தால் தூங்கிவிடுவாள். கதை சொன்னால் சூளகிரி தாண்டியும் கண் கொட்ட மாட்டாள். "அந்த ஆளு நெஜமாவே கொல பண்ணலதானக்கா?" என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவைப் பிடுங்கப் பார்ப்பாள்.

கட்சிக்காரர் எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. வக்கீல் கட்சிக்காரரைக் காட்டிக் கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் அவளுக்கு விலாவாரியாக விளக்கியவள் நான். ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு வகை உதிரிபாகங்களைக் கலந்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் அவளைப் பிடித்தபோது, நானே பேனாவை எடுத்தேன். எங்கள் லைனில் யார் தாமதமாக வந்தாலும், அடையாள அட்டையை மறந்தாலும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவது நான்தான். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற பெருமை வேறு. "எழுதிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சிடும்டி" என்றேன். அவளும் கீழே தன் பெயரை எழுதினாள்.

முடியவில்லை. அந்தக் கடிதத்தையே ஒப்புதலாக வைத்து, வேலையை விட்டு நீக்க விசாரணை வைத்தார்கள். அவள் அத்தா நடக்க முடியாதவர். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். உடன் வேலை செய்பவர் ஒருவர் அவளுக்காக வாதாடலாம் என்றார்கள். விசாரணையின் முதல் நாள் அவள் தனியாகப் போனாள். இரண்டாம் நாள் நான் போனேன், ஆறு பாகம் படித்த திமிரோடு.

முதல் நாள் பதிவை என்னிடம் நீட்டினார்கள். கடிதத்தை எழுதியது யார் என்று கேட்டதற்கு, 'நானேதான், யாரும் சொல்லித் தரவில்லை' என்றிருக்கிறாள் பைத்தியக்காரி. என்னை மாட்டிவிடக் கூடாதாம். தயார் செய்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட நினைவில்லை.

"சார், அது என் எழுத்து. எங்க லைன் ஃபைல எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வந்தது. கடிதத்துக்குக் கடிதம் அதே எழுத்து, 'என் கவனக்குறைவால் நடந்துவிட்டது, இனி நடக்காது' என்ற அதே வரி. அதில் ஒன்று, புகார் கொடுத்த சூப்பர்வைசர் தொழிலாளியாக இருந்தபோது என்னிடம் எழுதி வாங்கியது.

"இத வெச்சு தப்பு அவளுதுன்னு எப்படி சார் சொல்வீங்க? ஷிஃப்ட் மாறறப்ப அந்தப் பெட்டி ரெண்டு பேரு கை மாறிச்சு."

விசாரணை அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். அந்த வாரமே அவளை எச்சரிக்கையோடு விட்டார்கள். என்னிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவளைத் திட்டினேன். "எதுக்குடி பொய் சொன்ன? வக்கீலு நானா, நீயா?"

"அன்னிக்கு நீ அங்க இல்லயேக்கா," என்றாள். "உனக்காக நான்தான பேசணும்."