ஈப்போவுக்குப் போன கம்பளிக் கோட்டு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குத் தணிக்கையில் இருந்தவரை அந்தப் புத்திக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு இலவசமாகச் செய்துவருகிறேன்.

அந்த வருடம் அக்கா மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்ட என்னைப் பார்க்க, குடும்பத்தில் விமானம் ஏறுகிற ஒரே ஆள் அவள்தான். ஒருநாள் சாப்பிடும்போது, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே பொருள் வாங்கினால் விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம் என்று அவளுக்கு விளக்கினேன். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் பொருளையும் படிவத்தையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். பொருள் நாட்டை விட்டுப் போயாக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"முத்திரை முதல்ல, பெட்டி அப்புறமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஊரறிந்த தந்திரம் ஒன்று உண்டு. விருந்தாளியின் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பொருள் வாங்குவார்கள். முத்திரை விழுந்ததும் பொருள் வழியனுப்ப வந்தவர் கைக்குப் போய்விடும், விருந்தாளி முத்திரையோடு விமானம் ஏறுவார். அக்கா இதில் பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம். ஆனால் அவள் பெயருக்கு எதிரே ஏதாவது எழுதிவைத்து, அடுத்த முறை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டால்? என் பயம் அதுதான்.

யாருக்காக இதைச் செய்கிறாள் என்பதும் விரைவில் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். டூட்டிங்கில் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அக்காவுக்கு மிகவும் வேண்டியவராகியிருந்தார். ஒரு மாலை கடைக்குள் போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவர் புத்தம் புதிய கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். விலைச் சீட்டு கோட்டின் கையில் தொங்கியது. அக்கா பின்னால் நின்று தோளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் அவசரமாகக் கழற்றினார்.

"சும்மா போட்டுப் பாத்தனான், அண்ணை. புதுப் பருப்பு வந்திருக்கு, பாக்கிறீங்களோ?"

கேட்காத பருப்பைக் காட்டுகிற மனிதரை நான் நம்புவதில்லை. அதற்கு மேல், வாசலில் நின்ற தன் சரக்கு வேனைக் காட்டி, "அக்காவை ஏர்போட்டுக்கு நானே வானில கொண்டுபோய் விடுறன். டாக்சிக்கு ஏன் காசைக் குடுக்கிறியள்?" என்றார். லண்டனில் ஹீத்ரோ வரை இலவசமாக யாரும் யாரையும் ஏற்றிச் செல்வதில்லை. நீ வர வேண்டியதில்லை என்று அக்கா சொன்னதும், கட்டாயம் போவது என்று முடிவு செய்தேன்.

சுங்க மேசையில் அதிகாரி கோட்டை விரித்துப் பார்த்தார். கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. உடுத்திய கோட்டா இது என்று கேட்டார். புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம் என்றாள் அக்கா. வழக்கம்தான். ஆனால் உடுத்தப்போகும் வேளையில்தான் வைப்போம். பெட்டியில் போகிற கோட்டுக்கு எதற்கு மஞ்சள்? அதிகாரிக்கு வேறொரு சந்தேகம். மலேசியாவில் இவ்வளவு குளிருமா என்றார்.

"கேமரன் மலையில் குளிரும்" என்றாள் அக்கா, கண்ணிமைக்காமல். முத்திரை விழுந்தது.

மேசையை விட்டுச் சற்றுத் தள்ளி வந்ததும் அவள் கோட்டை எடுத்தாள். கடைக்காரர் கையை நீட்டினார். நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன்.

"அவர்கிட்ட குடுக்காதே. வெளிநாட்டுக்குக் கொண்டுபோறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எனக்கென்னத்துக்கு அண்ணை கோட்டு? நான் பையைத்தான் பிடிக்கப் போனனான். உங்கட உடம்பும் என்ர உடம்பும் ஒரே அளவெண்டு என்னைப் போட வச்சுப் பாத்தவ."

"உனக்குத்தான்டா. நீ போட்டிருக்கிற கோட்டப் பாத்தா ரோட்டுல சில்லறை போடுவாங்க. கழட்டு, இதப் போடு" என்றாள் அக்கா.

என் கை தானாகப் பழைய கோட்டின் பொத்தானுக்குப் போனது. ஆனாலும் விதி விதிதான். "இது நாட்ட விட்டுப் போகணும்க்கா. இல்லேன்னா அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டுடு. கோட்ட நான் வச்சுக்கிறேன்."

"கிழிக்கிறதா? அந்தக் காச இவங்களுக்கு விட்டுக்குடுக்க நான் என்ன ராணி வீட்டுச் சம்பந்தியா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலைக்கு மேல் தானே அந்தக் கோட்டை மாட்டி, கழுத்து வரை பொத்தான் போட்டாள். கையின் நீளம் விரல்களை மூடியது.

"அக்கா, நேரா கேமரன் மலைக்குத்தானே போறியள்?" என்றார் கடைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வரிசையில் போய் நின்றாள். கடைக்காரரின் வேனில் நான் வீடு திரும்பினேன்.

குளிர்காலம் தொடங்கியபோது தபால் நிலையத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. ஈப்போவிலிருந்து பார்சல்; இறக்குமதி வரி கட்டி எடுத்துக்கொள்ளவும். உள்ளே கோட்டுதான். பார்சலின் மேல் அக்கா உண்மையான விலையை எழுதியிருந்தாள், முழுவதுமாக. நான் விமான நிலையத்தில் செய்த உபதேசத்தின் பலன். பரிசுப் பொருளுக்கான வரம்பைத் தாண்டியதால் சுங்கத் தீர்வை, அதற்கும் சேர்த்து விற்பனை வரி, அதற்கு மேல் தபால்காரர்களின் கட்டணம். தப்பு இருக்கும் என்ற நம்பிக்கையோடு மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நான் கட்டியது, அக்காவுக்குத் திரும்பக் கிடைத்த வரியைவிட அதிகம்.

இரவு அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"கெடச்சிச்சா? தோளு சரியா இருக்கா?"

"அளவெடுத்த மாதிரி இருக்குக்கா."

"டாக்ஸ் கட்டாம வாங்கினேன் பாத்தியா? நீ என்னமோ பெரிசா பயந்தே. அங்க ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அடுத்த வருடத்துக்கு டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.