கேட்கிறவரும் கொடுக்கிறவரும்

வேங்கிக்கால் கோர்ட் வராந்தாவில், எங்கள் நிலத் தகராறுக்காகக் காத்திருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மல்லாட்டைச் செடி பிடுங்கிக் காய்த்துப்போன கைகள். முந்தானையைத் தலையில் போட்டு, சோற்று டப்பாவைத் திறந்து ஜெபித்தாள். சாப்பிடாமல் மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி முந்தானை, ஜெபம், மறுபடி மூடிவிட்டாள்.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவன் இல்லை. அன்று கேட்டுவிட்டேன். “ஏம்மா, சாப்பிடலையா?”

“எறங்க மாட்டேங்குதுண்ணா. எங்க மொதலாளி டிராக்டர் ஏத்தி ஒருத்தருக்குக் கால் போயிடுச்சு. பாத்தது நான் ஒருத்திதான். இன்னிக்கி சாட்சி சொல்லணும்.”

“உண்மைய சொன்னா வேலை போயிடுமே?”

“வீடும் போயிடும். அவரு நெலத்துலதான் இருக்கோம்.”

“சாமிகிட்ட வேண்டிக்கோம்மா.”

“பயமே சாமிகிட்டதாண்ணா. உங்களுக்கு மலைய சுத்தி எட்டு லிங்கம் இருக்குது. ஒருத்தரு கோச்சிக்கிட்டா இன்னொருத்தர பாக்கலாம். எங்களுக்கு ஏன் பொய் சொன்னேன்னு கேக்குறவரும், சோறு குடுக்கறவரும் ஒருத்தருதான். பொய் சொல்லிட்டு, அந்த வாயாலயே நாளைக்கு சோறு குடுன்னு எப்படிக் கேப்பேன்?”

உள்ளே கூப்பிட்டார்கள். போனாள்.

திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னாயென்று நான் கேட்குமுன் அவளே கேட்டாள்.

“அண்ணா, டவுன்ல எங்கனா வேலை இருக்குதுங்களா? தங்க எடத்தோட?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவளை இனி எந்த ஊரில் போய்த் தேடிச் சொல்வது என்பது, நான் ஏறிய பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.